காணி வந்திட்டுது, தொழில் எப்ப வரும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர் வெங்காயத்தில் வரும் நுனிக்கருகலைப் பற்றிக் கேட்டிருந்தார். பதிலோடு, "விடுபட்ட காணியில் முதல் வருடமே வெங்காயம் நடாதேயுங்கோ" என்றும் ஒரு வரி எழுதிவிட்டேன். விடுபட்ட காணி என்றால், போர்க்காலத்தில் இராணுவம் பிடித்து வைத்திருந்து பின்பு விட்ட காணி. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இம்முறை மேசையில் கிடக்கின்றன. பூச்சி, பசளைக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து, இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் பிழைப்பைப் பற்றியவற்றை மட்டும் எடுக்கிறேன். விவசாயப் போதனாசிரியராக முப்பது வருடம் வேலை செய்தவன் என்பதோடு, 1990 ஆனியில் போரில் யாழ்ப்பாணத்து வசாவிளானை விட்டு ஓடி, 25 வருடம் கழித்துத் திரும்பி வந்தவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் மயிலிட்டி ஆட்கள். மல்லாகத்துப் பக்கம் இடம்பெயர்ந்தோர் முகாமில் 27 வருடம் இருந்தோம். ஊர் விடுபட்ட பிறகு 8 இலட்சம் வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டினோம், பூச்சு இன்னும் முடியவில்லை. இவர் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மகன்மார் இரண்டு பேரும் சுன்னாகம் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை. ஊருக்கு வரமாட்டோம் என்கிறார்கள். நான் முகாமில் இருந்தபோது பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயம் நுள்ளப் போவேன், கையில் எப்போதும் காசு இருந்தது. இப்போது கடல் தெரிகிற வீட்டில் இருந்துகொண்டு மகன்மாரிடம் கை நீட்டுகிறேன். நாங்கள் வந்தது பிழையா? — வாசகி, மயிலிட்டி

பதில்: தங்கச்சி, வந்தது பிழையில்லை. உங்களை வரச்சொன்னவர்கள் காணியை மட்டும் கணக்கில் எடுத்தார்கள், அதுதான் பிழை.

முகாம் வாழ்க்கை ஒருவருக்கும் வரக்கூடாத வாழ்க்கை. ஆனால் அந்த 27 வருடத்தில் அங்கே ஒரு பிழைப்பும் வேர்விட்டுவிட்டது. எந்தத் தோட்டத்தில் எப்போது வெங்காயம் கிண்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆள் தேவை என்றால் தோட்டக்காரருக்கு உங்களைக் கூப்பிடத் தெரியும். மாதமுடிவில் கொப்பியில் எழுதிச் சாமான் தருகிற ஒரு கடை இருந்திருக்கும். சீட்டுப் பிடித்திருப்பீர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அவவின் பிள்ளையைப் பார்க்கப் பக்கத்துக் கொட்டிலில் ஆள் இருந்திருக்கும். லொறியில் ஏற்றிவந்த தளபாடத்தோடு இவை ஒன்றும் வரவில்லை. பிழைப்பு என்பது பாதி கையில் இருக்கிற தொழில், மற்றப் பாதி உங்களைத் தெரிந்த ஆட்கள். அந்த ஆட்கள் இப்போது மல்லாகத்திலும் ஏழாலையிலும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் கணவரின் கடல். அவருடைய ஆசை எனக்கு விளங்குகிறது. 2017 ஆடி (ஜூலை) 3 ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம் விடுபட்ட அன்று நானும் போய் நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழவர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றதைப் பார்த்தேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. அது மறக்கக்கூடிய காட்சியில்லை.

ஆனால் அவர் விட்டுப்போன துறைமுகம் அங்கே இல்லை. 2019 இல் புதுக்கித் திறந்தார்கள். இன்று பலநாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளைக் கட்டி நிறுத்துகிறார்கள், பிடிபட்ட இந்திய இழுவைப்படகுகளும் அதே தண்ணீரில் நிற்கின்றன. 18 அடி, 20 அடிப் படகு வைத்திருப்பவன் தன் சொந்தத் துறையில் இடம் தேடுகிறான். இழுவைமடியைத் தடைசெய்து 2017 இல் சட்டம் வந்தது. சட்டம் கரையில் நிற்கிறது, எங்கள் வலை நடுக்கடலில் இழுவைப்படகில் அறுபடுகிறது. ஒரு இரவில் வலை போனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடக் கடன்.

மகன்மாரைக் கோபிக்காதேயுங்கோ. மூத்தவனுக்கு 31 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவன் முகாமில் பிறந்தவன். கடற்தொழிலைப் பதினாலு பதினைஞ்சு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் இருந்து பழகவேண்டும். வாடைக் காற்று எப்போது திரும்பும், சோளகக் காற்றில் எந்தப் பக்கம் வலை விடலாம், எந்தக் கற்பாரில் வலை சிக்கும் என்பதெல்லாம் வாயால் சொல்லிக் கொடுக்கிற விஷயமில்லை. அந்த வயதில் உங்கள் பிள்ளைக்குக் கடல் கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது. ஒரு தலைமுறை அறுந்துவிட்டது. அதற்கு நட்டஈடு தருகிற விண்ணப்பப் படிவம் எந்தப் பிரதேச செயலகத்திலும் இல்லை.

நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மகன்மார் சுன்னாகத்திலேயே நிற்கட்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தானே, சனி ஞாயிறில் வந்து போகட்டும். அவர்களின் நாட்கூலிதான் இப்போது உங்கள் குடும்பத்தின் காப்புறுதி, அதை ஊர்ப்பாசத்துக்காக அறுக்காதேயுங்கோ. கணவர் புது இயந்திரத்துக்குக் கடன் எடுக்கவேண்டாம். ஏற்கெனவே படகு வைத்திருப்பவரோடு ஒரு வருடம் பங்குக்குப் போகட்டும். படகுக்கும் வலைக்கும் எண்ணெய்க்கும் போக மிஞ்சுவது குறைவுதான், ஆனாலும் அந்த ஒரு வருடத்தில் கடலும் அவரும் திரும்பப் பழகிக்கொள்வார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கோ. மானியம், வலை எது வந்தாலும் சங்கப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

நீங்கள் வெங்காயம் நுள்ளுவதைவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: விடவேண்டாம். உங்கள் ஒழுங்கையில் அதே முகாமில் இருந்து வந்த பெண்கள் எத்தனை பேர்? ஐந்தாறு பேர் சேர்ந்தால் பழைய தோட்டக்காரரே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை அனுப்பி ஏற்றுவார். அறுவடை நேரம் அவருக்கும் ஆள் தட்டுப்பாடு. போய்க் கேளுங்கோ.

கேள்வி: எங்கள் காணி 12 பரப்பு (முக்கால் ஏக்கர்), விடுபட்டு இரண்டு வருடம். கிணறு தூர்ந்து கிடக்கிறது, எல்லை தெரியவில்லை. மண்தள்ளி இயந்திரம் பிடித்து ஒரே நாளில் பற்றையை வழிச்சுவிட்டு வெங்காயம் வைக்க நினைக்கிறேன். ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? — இளம் விவசாயி, கட்டுவன்

பதில்: தம்பி, நான் செய்த பிழையைச் சொல்கிறேன், பிறகு நீர் முடிவெடும்.

2013 சித்திரையில் எங்கள் ஊர்கள் அடங்கிய வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்கப் போவதாக அரசாங்கம் மரங்களில் அறிவித்தல் ஒட்டியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனோம். 2015 இல் எங்கள் பக்கம் கொஞ்சம் விடுபட்டபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஐயாவின் தறையில் விளாத்தியும் உடையும் நாயுண்ணியும் யானை மறைகிற அளவுக்கு நின்றன. இயந்திரம் பிடித்து இரண்டே நாளில் வழிச்சேன். ஊரார் வந்து பார்த்துவிட்டு, "ஐயாவின் காணி வெளிச்சிட்டுது" என்றார்கள். மாரி வந்தபோதுதான் தெரிந்தது, வெளிச்சது காணி மட்டுமில்லை, மேல்மண்ணும் போய்விட்டது. எங்கள் செம்மண் எத்தனை அடிக்கு இருக்கிறது? பல இடத்தில் ஒரு முழம், இரண்டு முழம். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். இருபத்தைந்து வருடம் இலை விழுந்து உக்கிய, கறுத்த மேல்மண்ணை நான் காசு கொடுத்து வேலி ஓரத்தில் குவித்துவிட்டேன். மற்றவர்களுக்கு முப்பது வருடம் மண்ணைப் பற்றிப் படிப்பித்தவன் நான். ஊரைக் கண்ட அவசரத்தில் அதை மறந்தேன். அந்த மண்ணைத் திரும்பக் காணியில் பரவ எனக்கு மூன்று வருடம் சென்றது.

ஆகவே கையால் வெட்டும். கூலி கூடத்தான், ஆனால் விறகு விலைப்படும், அது கூலியில் பாதியை அடைக்கும். வெட்ட இறங்கமுதல், கண்ணிவெடி அகற்றி முடிந்த காணிதான் என்று கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தும். முழுக்க வெட்டாதேயும். வேலியோரம் நிற்கிற வேம்பையும் பூவரசையும் விடும், பசளைக்கு அவற்றின் குழையை மண்ணில் தாழ்க்க வேண்டும். முதல் மாரிக்குச் சணலை விதைத்துப் பூக்கும்போது உழுது தாழ்த்தும். மாடு வைத்திருப்பவர் இருந்தால் எருவுக்குப் பட்டி அடைப்பியும். கோடைக்குப் பயறு, கௌபி. மரவள்ளி கொஞ்சம். வாழை இருபது கன்று வையும், அது வீட்டுக்கு. வெங்காயம் இரண்டாம் வருடம் இரண்டு பரப்பில் போட்டுப் பாரும். விதை வெங்காயத்துக்கே எவ்வளவு காசு போகும் என்று உமக்குத் தெரியும். அறுவடை நேரம் வெளிநாட்டு வெங்காயம் வந்து விலை விழுந்தால், பழைய தோட்டக்காரன் வேறு பயிரில் அதை ஈடுகட்டுவான். உமக்கு இருப்பது இந்த ஒரு பயிர்தான்.

எல்லையைப் பற்றி: அப்புவின் காணி உறுதிப்பத்திரத்தை எடுத்து வாசியும். கிழக்கே யார், மேற்கே யார் என்று இருக்கும். "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு" என்று ஒரு வரியும் இருக்கும், அதை ஒருவரும் கவனிப்பதில்லை. கிணறு ஐந்து பேருடையது என்றால் தூர் அள்ளுகிற செலவும் ஐந்து பேருடையது, இறைப்பு முறையும் அப்படித்தான். ஐந்து பேரில் மூன்று பேர் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பார்கள். இப்போதே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேசி, எழுத்தில் வாங்கும். கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கியபின் அவர்களில் ஒருவருடைய ஆள் வந்து, "எங்களுக்கும் பாத்தியதை இருக்கு" என்று நிற்பதை நான் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். நில அளவையாளரை எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் பிடித்தால் ஆளுக்குச் செலவு குறையும்.

கேள்வி: 1990 ஐப்பசி (ஒக்டோபர்) 30 ஆம் திகதி எங்கள் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் தையல்கடையைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர். நான் பிறந்தது புத்தளத்தில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறோம். வாப்பா திரும்பப் போய்க் கடை திறக்கச் சொல்கிறார். எங்கள் கட்டடத்தில் இப்போது வேறு ஆட்கள். நாங்கள் புத்தளத்தில் குடியிருப்புப் பதிவை வெட்டினால் இங்கே கிடைப்பதும் போகும், அங்கே கிடைக்குமோ தெரியாது. தமிழ் ஆளான உங்களிடம் கேட்கலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். — வாசகர், புத்தளம்

பதில்: தம்பி, கேட்கலாம். கட்டாயம் கேட்கவேண்டும். அன்றைக்கு யாழ்ப்பாண நகரத்தை விட்டு வெளியேற உங்கள் ஆட்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை அந்த மாதம் விரட்டினார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது நானே அகதியாக உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்பது அதற்குச் சமாதானமில்லை. எனது கலியாணத்துக்குச் சட்டை தைத்தவர் சோனகத்தெருத் தையற்காரர் ஒருவர். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அவர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுவது நினைவுக்கு வந்தது. அவர் எங்கே என்று அன்றைக்குப் பிறகு நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டடத்தில் இருப்பவர் எப்படி வந்தார் என்பதுதான் முதற் கேள்வி. வாப்பாவின் அனுமதியோடோ வாடகைக்கோ வந்திருந்தால், எத்தனை வருடம் இருந்தாலும் அது அவருடைய ஆட்சியுரிமை ஆகாது. எவரும் விடாமல் புகுந்து பத்து வருடம் தாண்டியிருந்தால் சிக்கல். இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 1983 வைகாசி (மே) 1 முதல் 2009 வைகாசி (மே) 18 வரை உள்ள காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று. ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்றிருந்தது, அந்தக் காலம் போய்விட்டது. உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் உறுதியைக் காட்டிக் கேளுங்கோ. காசு எடுக்கமாட்டார்கள்.

தொழில்? முப்பது வருடத்துக்கு முன்பு ஒவ்வொரு கலியாணத்துக்கும் தீபாவளிக்கும் சனம் துணி வாங்கித் தைக்கக் கொடுத்தது. இன்று தைத்த உடுப்பு வாங்குகிறது. ஆகவே வாப்பாவின் கடையை அப்படியே திறந்தால் பிழைக்காது. பாடசாலைச் சீருடை, பெண்களின் சட்டை, பழைய உடுப்புத் திருத்தம் ஆகியவற்றுக்கு இன்றைக்கும் நல்ல தையற்காரர் தேவை. முதலில் குடும்பத்தைப் பெயர்க்காமல் நீங்கள் மட்டும் வந்து, ஐந்துசந்திப் பக்கம் ஒரு சிறு இடத்தை ஆறு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ. நோன்புப் பெருநாள், தைப்பொங்கல், பள்ளிக்கூடத் தவணை தொடக்கம் மூன்றும் அந்த ஆறு மாதத்துக்குள் விழுமாறு பாருங்கோ. பதிவை அதுவரை வெட்டவேண்டாம். இரண்டு ஊரில் கால் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஆட்களை அலுவலர்கள் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விரட்டப்பட்டவன் ஒரு காலை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றக் காலை எடுப்பான். அதில் குற்றம் காண எங்களுக்கு உரிமையில்லை.

கேள்வி: ஆடு வளர்க்க நுண்கடன் எடுத்தேன். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும். கட்டுவதற்கு இன்னொரு கடன் எடுத்துவிட்டேன். கணவர் இல்லை. என்ன செய்ய? — வாசகி, வளலாய்

பதில்: பிள்ளை, ஆடு ஐந்து மாதம் சினை. குட்டி விலைப்பட இன்னும் ஏழெட்டு மாதம். கடன் அறவிடுகிறவர் ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறார். அந்தக் கணக்கு முதல் நாளே ஒத்துவராது, அதை உமக்குச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியவர்களுக்குத்தான் வெட்கம் வேண்டும். 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது, நீர் எடுத்தது அதற்குப் பிறகு என்பதால் பொருந்தாது. மூன்றாவது கடன் எடுக்கவேண்டாம். கிடாய்க்குட்டிகளை இப்போதே விற்று, சின்னக் கடனை முழுதாக அடையும். பெட்டை ஆடுகளை மட்டும் விற்காதேயும். ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறதா என்று பாரும். அங்கே வட்டியும் குறைவு, மாதத் தவணையும் பேசலாம். இரவில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர். அடுத்தமுறை அப்படி வந்தால் அயலில் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு அருகில் நிற்கவையும், பெயரையும் நேரத்தையும் எழுதிவைத்துப் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடும்.

கேள்வி: மீள்குடியேற்றம் வெற்றியா தோல்வியா என்று எப்படி அளப்பது? ஆய்வுக்கட்டுரைக்காகக் கேட்கிறேன். — மாணவி, திருநெல்வேலி (யாழ்ப்பாணம்)

பதில்: மகள், எத்தனை வீடு கட்டினார்கள் என்ற பட்டியல் உமக்கு அலுவலகத்தில் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு மாலை ஏழு மணிக்கு ஊருக்குள் போம். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணும். பிறகு கடைக்குப் போய், கடன் கொப்பி வைத்திருக்கிறார்களா என்று கேளும். ஒரு கடைக்காரர் ஊர்ச்சனத்துக்குக் கடன் கொடுக்கத் துணிந்துவிட்டார் என்றால், நாளைக்கும் அவர்கள் இங்கேதான் இருப்பார்கள் என்று அவர் நம்புகிறார். வீட்டுத்திட்டக் காசு தவணை தவணையாக வரும்போது சீமெந்தும் மணலும் விலையேறி, மிச்சத்துக்கு நகையை அடகு வைத்த வீடுகளையும் கேட்டு எழுதும். பனையையும் மறக்காதேயும். இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் அழிந்த பனைக்குப் பதிலாக இன்று விதை நட்டால் பாளை வர பதினைந்து வருடம் செல்லும். கள்ளுச் சீவும் தொழிலாளி ஒருவர் தன் காணிக்குத் திரும்பிவிட்டார் என்று பதிவேட்டில் இருக்கும். அவர் ஏறுவதற்கு மரம் இல்லை.

கேள்வி: என் காணியில் இடம்பெயர்ந்தோர் முகாம் போட்டு 30 வருடத்துக்கு மேல். பெரும்பாலானோர் போய்விட்டார்கள், ஏழு குடும்பம் இருக்கிறது. எழும்பச் சொன்னால் நான் கொடுமைக்காரன். என் தோட்டம் எனக்கு வேண்டாமா? — காணி உரிமையாளர், சுன்னாகம்

பதில்: ஐயா, வேண்டும். நீங்கள் கேட்பது நியாயம். இத்தனை வருடம் வாடகையும் இல்லாமல், விளைச்சலும் இல்லாமல் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒருவரும் நன்றி சொன்னதாக நான் அறியவில்லை, நான் சொல்கிறேன்.

அந்த ஏழு குடும்பமும் ஏன் போகவில்லை என்று விசாரித்தீர்களா? 1990 இல் முகாமுக்கு வந்தபோது அது இரண்டு குடும்பமாக இருந்திருக்கும். பிள்ளைகள் கலியாணம் முடித்து இன்று ஏழு. ஊரில் இருப்பது தாய்க்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்பு. அதை ஏழாகப் பிரித்தால் வீட்டுக்கு மேலே வீடுதான் கட்டலாம். சிலருக்கு ஊரிலும் காணியே இல்லை, அப்போதே பிறர் வளவில் குடியிருந்தவர்கள். காணியில்லாதவர்களுக்குக் கீரிமலைப் பக்கம் நல்லிணக்கபுரத்தில் 2016 இல் நூறு வீடு கொடுத்தார்கள். அது எல்லோருக்கும் எட்டவில்லை.

நீங்களும் அந்த ஏழு குடும்பமும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வையுங்கோ. உரிமையாளர் தனியே எழுதினால் அது வெளியேற்றும் முறைப்பாடு, அவர்கள் தனியே எழுதினால் அது காணி கேட்கும் விண்ணப்பம், இரண்டும் வேறு வேறு மேசையில் கிடக்கும். ஒன்றாக எழுதினால் பிரதேச செயலாளர் ஒரே பதில் சொல்லவேண்டி வரும். அரசகாணி கேட்கும்போது சுன்னாகத்தில் இருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் இருக்கவேண்டும் என்று எழுதுங்கோ. அவர்களின் கூலிவேலை எல்லாம் இங்கேதான். உங்கள் தோட்டத்தில் தென்மூலை இப்போதே வெறுமையாக இருக்கிறது என்று சொன்னீர்கள். பதில் வரும்வரை பார்த்திருக்காமல் அந்த மூலையில் புரட்டாதி மழைக்கு முன்பு சணலை விதையுங்கோ. வேலைக்கு ஆள் தேவைப்படும்போது முதலில் அந்த ஏழு வீட்டையும் கேளுங்கோ.